ஆசிட் படாத துண்டு

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். பெங்களூரில் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் எலும்புப் புற்றுநோயைப் பற்றி வேலை செய்கிறாளாம். என் நம்பரை யார் கொடுத்தார்களோ தெரியவில்லை.

"சார், தொண்ணூறுகள்ல நீங்க மைசூர்ல பயாப்ஸி லேப்ல இருந்தீங்கன்னு சொன்னாங்க. அந்தக் காலத்து எலும்புக் கட்டித் துண்டு, மெழுகுல பதிச்சது, எங்கயாவது கிடைக்குமா? ஆசிட்ல போடாததா இருக்கணும் சார். அதுதான் முக்கியம்."

"ஒண்ணு இருக்கு" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதானா சார்? ஒண்ணை வெச்சு எங்களால எதுவும் சொல்ல முடியாதே. நிறைய இருந்தாத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்."

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நிறைய இருந்துச்சும்மா. டின் டின்னா இருந்துச்சு. அப்ப நீங்கல்லாம் எங்க போயிருந்தீங்க?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பாவம், அப்போது அவள் பிறந்திருக்கக்கூட மாட்டாள். கோபம் அவள் மேல் இல்லை. யார் மேல் என்று சொல்ல வேண்டுமானால் மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மேடம் எங்கள் லேபின் டாக்டர். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் அல்ல. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிற டாக்டர். மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மாடிப்படிக்குக் கீழே சின்னதாக இரண்டு அறை. நான் அங்கே டெக்னீஷியன். துண்டை மெழுகில் பதிப்பது, மெல்லிசாகச் சீவுவது, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது என் வேலை. பார்ப்பது அவர் வேலை. என்னைத் திட்டுவதும் அவர் வேலைதான். அதில் அவர் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

மேடம், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியிலுள்ள ஹனூர் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். நான் மைசூரிலேயே பிறந்தவன். அப்பா கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். எங்கள் வீட்டுத் தமிழில் பாதி கன்னடம் இருக்கும். அவர் தமிழில் ஹனூர்க்காரர்களின் இழுவை இருக்கும். கோபம் வந்தால் இரண்டு பேருமே முழுக் கன்னடத்துக்குப் போய்விடுவோம். அதில் அவருக்கென்று ஒரு சொல் இருந்தது: "ஆகல்ல." அதாவது, நடக்காது. ஆஸ்பத்திரி முதலாளி ஊரறிந்த எலும்பு டாக்டர். எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்போம். அவர் வாசலில் நின்று, "பேக பேக, ரிப்போர்ட் எங்கே?" என்று விரலைச் சொடுக்கி அவசரப்படுத்தினால், மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள். மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "ஆகல்ல சார்" என்பார். அதைக் கேட்பதற்காகவே நான் குறைந்த சம்பளத்துக்கு அங்கே இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவருடைய குணம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். எதையும் முழுக்கத் தீர்க்க விடமாட்டார். துளி எடுத்து வைத்தாக வேண்டும். பிளாஸ்கில் கடைசி வாய் காபி அப்படியே கிடக்கும். சாயப் பாட்டிலைக் கவிழ்த்து வழித்தால் அடிக்க வருவார். ஒரு நாள் நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வந்து லேபில் வைத்தார். மத்தியானம் வந்து பார்த்தால் வெறும் காம்பு.

"கடைசிப் பழத்தைத் தின்னது யாரு?"

அந்தச் சத்தத்துக்கு எக்ஸ்ரே அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "பழம் தின்னத்தானே மேடம்?" என்றேன் நான், அசட்டுத் தைரியத்தில்.

"தின்னு, யாரு வேண்டாம்னா? வழிச்சுத் தொடைச்சுத் தின்னுட்டா, பொறகு வர்றவனுக்கு இங்க பழம் இருந்துச்சுன்னே தெரியாது. நினகெ தலெ கெட்டிதெயா?"

தலை கெட்டவன் என்பது எனக்கு அவர் வைத்த செல்லப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. பிறகொரு நாள் நல்ல மனநிலையில் இருந்தபோது காரணம் சொன்னார். அவர் வீட்டில் ராகி அறுத்ததும் முதலில் விதைக்கு எடுத்துவிடுவார்களாம். சாம்பல் கலந்து பானையில் கொட்டி, வாயை மண்ணால் பூசி வைத்துவிட்டால், வீட்டில் அடுப்பு எரியாமல் போனாலும் அந்தப் பானையில் கை வைக்க மாட்டார்களாம். "பசியில அழுதிருக்கேன். எங்கப்பா அந்தப் பானை பக்கம் திரும்பக்கூட மாட்டாரு. அப்ப அவரு மேல அப்படியொரு கோவம் வரும்" என்றார்.

அந்தப் பானையை அவர் லேபுக்குள் கொண்டுவந்துவிட்டார். எலும்பை அப்படியே சீவ முடியாது, கத்தி மழுங்கிவிடும். ஆசிட்டில் ஊறப்போட்டு, அதிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து, மெத்தென்று ஆக்கிவிட்டுத்தான் சீவ வேண்டும். லேசான ஆசிட் என்றால் நாள் பிடிக்கும். காட்டமான ஆசிட் என்றால் சீக்கிரம் இளகிவிடும். ஆனால் செல்லுக்குள் இருப்பதையும் சேர்த்துத் தின்றுவிடும். பல இடங்களில் அவசரத்துக்குக் காட்டமானதையே ஊற்றுவார்கள். மேடத்திடம் அது ஆகல்ல. அதுமட்டுமல்ல, ஒவ்வொரு எலும்புக் கட்டியிலும் சுண்ணாம்பு ஏறாத மெத்தென்ற இடமாகப் பார்த்து ஒரு துளி சுரண்டி எடுப்பார். அதை ஆசிட் பக்கமே காட்டாமல் தனியாக மெழுகில் பதிக்கச் சொல்வார். பழைய பிஸ்கட் டின்களில் போட்டுப் படிக்கட்டுக்கு அடியில், வெயில் படாத அலமாரியில் அடுக்குவோம். ஆஸ்பத்திரி முழுக்க அதற்கு 'மேடத்தோட ஊறுகாய் டின்' என்று பெயர்.

"இதை வெச்சு என்ன மேடம் பண்ணப் போறோம்?"

"எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சா இப்பவே பண்ணிட மாட்டேனா?"

சனிக்கிழமை மத்தியானம் அவர் மெடிக்கல் காலேஜ் லைப்ரரிக்குப் போய்விடுவார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அங்கே மாதக் கணக்கில் தாமதமாக வரும். ஒரு திங்கட்கிழமை, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், "ஏப்பா, ஒரு புழு இருக்கு" என்று ஆரம்பித்தார்.

கண்ணுக்குத் தெரியாத மண் புழு. அதன் உடம்பில் ஒரு சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துண்டைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அதிலிருந்து எந்தப் புரதமும் உண்டாவதில்லை. ஜீனிலிருந்து கட்டளை போகிறதல்லவா, இதைச் செய், அதைச் செய் என்று? அந்தக் கட்டளை மேல் போய் இது உட்கார்ந்துகொள்ளும். போதும், நிறுத்து என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

"அது இல்லாத புழு என்ன ஆகுதுன்னா, வளரவே மாட்டேங்குது. ஒண்ணாம் கிளாஸையே திரும்பத் திரும்பப் படிக்கிற பையன் மாதிரி, குட்டிப் பருவத்துல செய்ய வேண்டியதையே மறுபடி மறுபடி செஞ்சுட்டு இருக்குது." மேடம் என் மேசையைத் தட்டினார். "நம்ம ஸ்லைடுல பாக்கறோமே, எலும்புக் கேன்சர், அதுலயும் இதேதானே? எலும்பா ஆகி அடங்க வேண்டிய செல்லு, ஆகாம, குழந்தையாவே நின்னு பெருகிட்டு இருக்குது. யாரோ போதும்னு சொல்ல மறந்துட்டாங்கப்பா. அந்த யாரோ இத்தனூண்டா இருந்தா? ஆசிட் ஊத்தினா மொதல்ல அதுதானே போகும்?"

இதை அவர் என்னிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளூர் டாக்டர்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னார். ஸ்லைடு மாற்றிவிட நானும் போயிருந்தேன். அவர் முடித்ததும் எங்கள் பெரிய டாக்டர் முன்வரிசையிலிருந்து, "எல்லாம் சரி மேடம், ஆனால் புழுவுக்கு எலும்பே இல்லையே?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. என் காது சுட்டது. மேடம் மைக்கைப் பிடித்தபடி நின்றார். "எலும்பு இருக்கறவங்க எல்லாரும் சிரிச்சு முடிங்க. நான் நிக்கிறேன்" என்றார். யாரும் கேள்வி கேட்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை.

இன்றைக்கு அதற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் வைத்து, மனிதனிடமும் கண்டுபிடித்து, பரிசு கொடுத்து எல்லாம் ஆகிவிட்டது. எலும்புப் புற்றில், போதும் என்று சொல்ல வேண்டிய சில குறைந்து போகின்றனவாம். வேறு சில அளவுக்கு மீறிப் பெருகி, காவல் காக்கிற ஜீன்களின் வாயையே அடைத்துவிடுகின்றனவாம். பழைய மெழுகுத் துண்டிலிருந்துகூட அதைப் படித்துவிடலாமாம், ஆசிட் தின்னாமல் இருந்தால். அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்று இதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

மேடம் அந்தக் கூட்டத்தில் பேசிய சமயத்தில்தான், ஹனூருக்கு அப்பால் கௌதள்ளியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒன்பதாவது படிக்கிறவள், பள்ளிக்கூடத்து கோ-கோ டீமில் நன்றாக ஓடுவாளாம். முழங்காலுக்கு மேலே வலி. ஒரு டவுன் டாக்டர், "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். வலி போகவில்லை. எங்கோ விழுந்ததில் சுளுக்கிக்கொண்டது என்று கட்டுப் போடுகிறவரிடம் அழைத்துப் போய், முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, எண்ணெய் போட்டு உருவி, ஒரு பருவமே போய்விட்டது. எங்களிடம் வரும்போது கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. பெரிய டாக்டர் துளையிட்டு ஒரு துண்டு எடுத்து எங்களுக்கு அனுப்பினார். உருவி உருவி வீங்கின சாதாரணக் கட்டி என்றால் கால் தப்பும். கேன்சர் என்றால் காலை எடுத்துத்தான் உயிரைப் பிடிக்க வேண்டும். அந்தத் துண்டுதான் சொல்ல வேண்டும்.

மேடம் வழக்கம்போலத் துளி சுரண்டி வைத்துக்கொண்டு, மீதியை லேசான ஆசிட்டில் போட்டார். எடுத்து வைத்ததை வேறு வழி இல்லாவிட்டால் ஒழியத் தொட மாட்டார். பெண்ணின் அப்பா தினம் வந்து லேப் வாசலில் நிற்பார். ராகி விவசாயி, வெயிலில் கறுத்த ஆள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டார்.

"எம்புள்ள அங்க துடிச்சுட்டுக் கெடக்கறா, நீங்க கெண்ணத்துல ஊற வெச்சுப்போட்டு உக்காந்துட்டு இருக்கறீங்க! இதென்னங்க, ஊறுகாயா போடறீங்க?"

மேடத்தை யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். "கத்துங்ணா, நல்லாக் கத்துங்க. எனக்கும் கோவமாத்தான் வருது. ஆனா அவசரப்பட்டுத் தப்பாச் சொல்லிட்டா, நல்ல கால எடுத்துருவாங்க. இல்லாட்டி கெட்ட கால விட்டுருவாங்க" என்றார். அந்த அப்பா அதன் பிறகு கத்தவில்லை. தினம் வந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை.

பெரிய டாக்டருக்கு வெளிநாட்டில் ஏதோ கூட்டம். அதற்குள் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும் என்று பார்த்தார். ஒரு சனிக்கிழமை, மேடம் லைப்ரரியில், நான் வீட்டுக்குக் கிளம்பியாயிற்று. பெரிய டாக்டரே லேபுக்குள் வந்திருக்கிறார். மேடத்தின் கிண்ணத்திலிருந்ததைக் கொட்டிவிட்டு, அலமாரியிலிருந்து காட்டமான ஆசிட்டை எடுத்து ஊற்றி, சீக்கிரம் இளகட்டும் என்று சூட்டு அடுப்பிலும் வைத்துவிட்டுப் போய்விட்டார். கூட்டிக்கொண்டிருந்த ஆயா பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் சொன்னாள்.

சீவினேன். சாயம் ஏற்றினேன். செல்லின் உட்கரு நீலமாக ஏற வேண்டும், ஏறவில்லை. கண்ணாடி முழுக்க ரோஸ்மில்க் கொட்டினது மாதிரி ஒரே வெளிர் சிவப்பு. எது செல், எது எலும்பு என்று ஒன்றும் தெரியவில்லை. மேடம் பார்த்தார். மறுபடி பார்த்தார். அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், நோயாளிகள் வரிசையைத் தாண்டிப் பெரிய டாக்டரின் அறைக்குள் போனார். பின்னாலேயே ஓடினேன்.

"இதைப் படிச்சு ரிப்போர்ட் குடுங்க சார். நீங்கதானே ஊத்தினீங்க, நீங்களே படிங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "இன்னொரு துண்டு எடுத்தாப் போச்சு மேடம், அதுக்கு ஏன் இவ்வளவு?" என்றார் கன்னடத்தில்.

"அந்தப் பொண்ணுக்கு மறுபடி துளை போடுவீங்க. காயம் ஆற மறுபடி நாள் ஆகும். உள்ள இருக்கறது உங்க கூட்டத்துக்கு லீவு போட்டுட்டா உக்காந்திருக்கும்?" மேசை மேல் கண்ணாடியை வைத்தார். வைத்தார் என்ன, அறைந்தார், அது உடைந்தது. "துளை போட வேண்டியதில்லை. எங்கிட்ட ஊறுகாய் இருக்கு."

டின்னைத் திறந்து அந்தத் துளியை எடுத்தோம். பாதி சீவினேன். நீலம் பளிச்சென்று ஏறியது. மேடம் பார்த்த நேரத்தில் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேன்சர். அதற்கு முன்னால் எவ்வளவோ கேன்சர் பார்த்தவர்தான், ஆனால் அன்றைக்கு வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்ததும், மூடுகண்ணாடியில் காற்றுக்குமிழி விட்டிருக்கிறாய் என்று என்னைக் கிழிகிழி என்று கிழித்தார். குமிழி எதுவும் இல்லை.

பெரிய டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "அதான் டின்ல இருந்துச்சில்ல, அப்புறம் ஏன் மேடத்துக்கு இவ்வளவு கோபம்?" விதைப்பானை இருந்ததால் களஞ்சியத்தைக் கொளுத்தியது தப்பில்லை என்கிற நியாயம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த மனுஷன் வாயிலிருந்து வரவில்லை.

காலை எடுத்தார்கள். எடுத்த காலை அப்பா கேட்டு வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி ஊருக்கு எடுத்துப்போய்த் தன் காட்டு ஓரத்தில் புதைத்தார். அந்தப் பெண் மருந்து ஏற்றிக்கொள்ள வரும்போதெல்லாம் கட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்துவிடுவாள். தலையில் முடி கொட்டி, துண்டு கட்டியிருப்பாள். வாய் மட்டும் ஓயாது. ஒரு நாள் மேடத்திடம், "எங்காலப் பாத்தது நீங்கதானுங்களா? நானும் பாக்கட்டுங்களா?" என்றாள். இதெல்லாம் காட்டுவதா என்று நான் நெளிந்தேன். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "நீல நீலமா நல்லாத்தான் இருக்குது. இதுகளுக்கு எம்மேல என்னங் கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. இதுகளுக்கு வளரத் தெரியல. போதும்னு சொல்ல ஆளில்ல."

"நீங்க சொல்றதுதானுங்களே? நீங்க சொன்னா இந்த ஆஸ்பத்திரியே அடங்குதே" என்றாள் அவள். மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு உள்ளே போய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடைக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது. நுரையீரலுக்குப் போய்விட்டது. சாவுக்கு நாங்கள் போகும்படி ஆகவில்லை; செய்திதான் வந்தது. சில நாள் கழித்து அவள் அப்பா வந்து நின்றார், அதே வாசலில்.

"கல்யாணமாவாத புள்ளைய எரிக்கறதில்லீங்க. காலு பக்கத்துலயே பொதச்சுட்டம். எல்லாம் ஒண்ணாச் சேந்துருச்சுங்க. உங்ககிட்ட இருக்கற துண்டு மட்டும்தான் பாக்கி. பாப்பா சொல்லியிருக்கறா, நீல நீலமா இருக்குதுன்னு. அதையும் குடுத்துட்டீங்கன்னா கொண்டுபோயிருவனுங்க."

மேடம் ஆகல்ல என்று சொல்லவில்லை. அவரை உட்காரச் சொல்லி, டின்னைத் திறந்து, மெழுகில் பதிந்த பாதித் துளியை அவர் உள்ளங்கையிலேயே வைத்தார். பிறகு புழுவின் கதையைச் சொன்னார். பேனா இல்லை, படம் இல்லை. காட்டில் களையைப் பற்றிப் பேசுவது மாதிரி சொன்னார். கடைசியில், "விதைக்கு எடுத்து வெக்கறாப்ல எடுத்து வெச்சிருக்கறனுங்ணா. இத வெதைக்க இன்னிக்கு எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்குத் தெரிஞ்சவங்க வருவாங்க. அப்ப இன்னொரு புள்ளைக்கு ஆகும். ஆனா இது உங்க புள்ளையோடது. கேட்டீங்கன்னா குடுத்துருவேன்" என்றார்.

அந்த அப்பா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "விதைன்னாச் சரிங்க, இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். வாசலுக்குப் போனவர் திரும்பினார். "குப்பைக்கு மட்டும் போயிரக்கூடாதுங்க டாக்டரம்மா."

"நான் இருக்கற வரைக்கும் போகாதுங்ணா."

அன்றிலிருந்து அந்த ஒரு துண்டை மட்டும் மேடம் டின்னில் வைக்கவில்லை. தன்னுடைய மேசை இழுப்பறையில், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பூட்டிக்கொண்டார். குப்பைக்குப் போகக்கூடாது என்று அந்த அப்பா சொல்லிவிட்டாரே, அதனால்.

பிறகு தசரா வந்தது. ஊரே ஜம்பூ சவாரி யானை ஊர்வலத்துக்கும் விளக்குக்கும் போய்விடும், எங்களுக்கும் லீவு. அந்த லீவுக்குத்தான் காத்திருந்திருக்கிறார்கள். லீவு முடிந்து கதவைத் திறந்தால் டிஸ்டெம்பர் வாசனை. படிக்கட்டுக்கு அடியில் அலமாரி இல்லை. டின்கள் இல்லை. சுவர் பளபளவென்று வெள்ளை. ஸ்கேன் மெஷின் வருகிறதாம், அதன் பேட்டரிகளை வைக்க இடம் வேண்டுமாம். டின்களை முனிசிபாலிடி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். எத்தனை பேருடைய எலும்பு அது! எத்தனை பேர் துடித்துக்கொண்டே கொடுத்தது! பழைய சாமான்காரனுக்குப் போட்ட பேப்பருக்குக்கூட ஒரு மரியாதை உண்டு. பெரிய டாக்டர் மாடியிலிருந்து இறங்கிவந்து, "லேப் இப்ப விசாலமா இருக்கில்ல மேடம்?" என்று கேட்டார். நான் கையை ஓங்கிவிட்டேன். வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார்.

மேடம் கத்தவில்லை. எனக்குப் பயமே அதில்தான் வந்தது. இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தார். மெழுகு உருகாமலிருக்க ஈரத்துணியில் சுற்றினார். "வா" என்றார். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். கொள்ளேகால், ஹனூர் எல்லாம் தாண்டி, டப்பாவை மடியிலிருந்து இறக்காமல் வந்தார். அவர் சொந்தக்காரர்கள் ஊர் வந்தபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் ஒரே ஒரு முறை பேசினார்: "இனிமே என்னால காப்பாத்த முடியாது. அந்தப் பொண்ணோட அப்பாகிட்டயே குடுத்தர்றேன்."

கௌதள்ளியில் ராகி கதிர் பிடித்து நின்றது. அந்த அப்பா காட்டிலிருந்து ஓடிவந்தார். மேடம் அவர் முன்னால் டப்பாவைத் திறந்து நீட்டினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு முதலில் புரியவில்லை.

"வெள்ளாம எடுத்தாச்சுங்களா டாக்டரம்மா? தெரிஞ்சவங்க வந்துட்டாங்களா?"

வேலை முடிந்துவிட்டது, அதனால் விதையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். மேடம் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"இல்லீங்ணா. வெதைக்கவே விடலீங்க. மத்த டின்னெல்லாம் குப்பைக்குப் போயிருச்சு. இதுவும் போயிரக்கூடாதுன்னுதான் கொண்டாந்தேன்."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கிண்ணத்தில் ஊறப்போட்டதற்குக் கத்தினாரே, அதைவிடப் பெரிதாகக் கத்தினார். "வெள்ளாம எடுக்காம விதையத் திருப்பிக் குடுக்கறதுக்கா அவ்வளவு சொன்னீங்க? கால ஒருக்காப் பொதச்சன். புள்ளைய ஒருக்காப் பொதச்சன். இன்னுந் துண்டு துண்டாப் பொதைக்க எனக்குத் தெம்பு இல்லீங்க. உங்களுக்கு வீடு இல்லீங்களா? வீட்டுல வையுங்க!"

டப்பாவை மூடி, மேடத்தின் கையைப் பிடித்து அதில் திணித்தார். "வேலைய முடிச்சுப்போட்டுக் கொண்டாங்க."

எங்களுக்கு மோர் கொடுத்தார், பஸ் ஏற்றிவிட்டார். கொள்ளேகால் தாண்டும்வரை மேடம் பேசவில்லை. தாண்டினதும் என் பக்கம் திரும்பி, "அவரு அந்தக் கத்து கத்தறாரு, நீ என்ன மரமாட்டம் நிக்கறே? தலெ கெட்டிதெயா?" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் போகவில்லை. மேடம் பிறகு பல வருஷம் இருந்தார். யார் யாருக்கோ எழுதினார். ஒரு துண்டை வைத்து என்ன செய்வது என்றுதான் எல்லோரும் பதில் போட்டார்கள். டப்பா அவர் சமையலறை அலமாரியில் ராகி மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் போன பிறகு என்னிடம் வந்தது. இப்போது என் வீட்டில் இருக்கிறது.

நேற்று அந்தப் பெங்களூர்ப் பெண் மறுபடி போன் செய்தாள். நான் அவ்வளவு கத்தியும் செய்தாளே, அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும். "சார், எங்க புரொஃபசர்கிட்டச் சொன்னேன். வேற ஊர்கள்ல இருந்தும் ஒண்ணு ரெண்டு கிடைச்சிருக்கு. எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்னு சொல்றாங்க. அந்த ஒண்ணைக் கொடுப்பீங்களா?"

"வந்து வாங்கிக்கோ" என்றேன். "ஆனா சொல்லிட்டேன், முழுசையும் சீவித் தீர்த்துடாதே. துளி எடுத்து வை. வேலை முடிஞ்சதும் எங்கிட்டக் கொண்டா, கௌதள்ளிக்கு எடுத்துட்டுப் போகணும்."

அதையும் கத்தித்தான் சொன்னேன்.